உச்ச வேகம்

பதின்மூன்று முடிந்து மூன்று மாதம்.
சின்ன வண்டி பத்தவில்லை என்கிறாள் பெனிக்னா,
காலணியைச் சொல்வதுபோல.

கொட்டகையில் நிற்கிறது அவள் அப்பாவுடைய பனிவண்டி.
எண்ணூறு சிசி. கறுப்பு.
முன்கண்ணாடியில் ஒரு விரிசல்,
இருக்கையில் சீல் கொழுப்பின் பழைய வாடை.
கட்டைவிரலை ஒரு நெல்லளவு அழுத்தினால் போதும்,
குதிக்கும்.

ரெனாட்டஸ் நிக்கல் சுரங்கத்தில் இருக்கிறான்.
பதினான்கு நாள் அங்கே, பதினான்கு நாள் இங்கே.
"பக்கத்தில் இருப்பவள் நீ. நீயே முடிவு செய்" என்றான் தொலைபேசியில்.
தூரத்தில் இருப்பவர்களுக்கு
எப்படியோ வாய்த்துவிடுகிறது இந்தப் பெருந்தன்மை.

"என் பையன் பத்து வயதிலேயே ஓட்டினான்" என்கிறார்
அடுத்த வீட்டு ஜெரியாஸ்.
அந்தப் பையனுக்கு இப்போது முப்பது,
இடது முழங்காலில் ஆறு திருகாணி.
அதை அவர் சொல்லவில்லை.
விமான நிலையத்துக் கருவி கூவிச் சொன்னது.

இளங்கன்று பயமறியாது என்பார்கள்.
லாப்ரடோரின் இந்தக் கரையில் கன்றே கிடையாது.
பயமறியாதவை எல்லாம்
பெட்ரோலில் ஓடுகின்றன.

நானாக ஒரு பரீட்சை வைத்தேன்.
இடுப்பளவு பனியில் வண்டியை வேண்டுமென்றே புதைத்து
கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.
அவள் ஆக்ஸிலேட்டரைத் தொடவில்லை.
முன்பக்கம் தோண்டினாள், மிதித்தாள்,
ஸ்ப்ரூஸ் கிளைகளை வெட்டிப் பரப்பினாள்.
நாற்பது நிமிடம்.
ஒருமுறைகூட என்னைக் கூப்பிடவில்லை.
உறுத்தியது அதுதான்.

விரிகுடாவில் கோடாரியால் நான்கு தட்டு தட்டி
"இங்கே போகலாம், அங்கே வேண்டாம்" என்றாள்.
சரியாகத்தான் சொன்னாள்.
ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது
எங்களுக்குப் பழமொழி அல்ல,
போன மார்ச்.

சனிக்கிழமை சாவியைக் கொடுத்தேன்.
"முனைவரை போ, திரும்பி வா. அறுபதைத் தாண்டாதே."
சத்தம் மெலிந்து மெலிந்து
ஊசியாகி
மலைக்குப் பின்னால் நுழைந்தது.
கழுவிய கோப்பையையே
மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

வந்தாள். இமையெல்லாம் பனித்தூள்.
"மெதுவாகத்தான் போனேன்."

இரவு டார்ச்சுடன் கொட்டகைக்குப் போனேன்.
வண்டிக்கு ஞாபகம் உண்டு,
பொத்தானை அழுத்தினால் உச்ச வேகத்தைக் காட்டும்.
அழுத்தினேன்.
பூஜ்யம்.
பதினெட்டு கிலோமீட்டர் ஓடிவந்த வண்டி,
உச்ச வேகம் பூஜ்யம்.
அழித்திருக்கிறாள்.
இத்தனை வட்டமான ஒரு பொய்யை
நான் பார்த்ததே இல்லை.

குளிர்ந்த இருக்கையில் உட்கார்ந்தேன்.
பதினைந்து வயதில் அண்ணனின் வண்டியை எடுத்துக்கொண்டு
அதே முனைக்கு நானும் போனேன்.
அந்தக் காலத்தில் முள்தான்.
நின்றால் தானாகவே பூஜ்யத்துக்கு வந்துவிடும்.
அழிக்கக் கற்றுக்கொள்ளும் வேலை
எனக்கு இருக்கவில்லை.

காலையில் கேட்டேன்,
"எவ்வளவு?"
ஓட்ஸ் கஞ்சியில் கரண்டி நின்றது.
வெகுநேரம் நின்றது.
"நூற்றுப் பத்து" என்றாள்,
"முனைக்கு இந்தப் பக்கம், பனி கெட்டியாக இருந்த இடத்தில்.
கண்ணில் நீர் வந்து ஒன்றுமே தெரியவில்லை.
பயந்து கையை எடுத்துவிட்டேன்."
பிறகு, கஞ்சியிடம் சொல்வதுபோல,
"பயந்ததைத்தான் அழித்தேன்."

திட்ட வேண்டும். திட்டினேன்.
ஒரு மாதம் சாவி கிடையாது என்றேன்.
சொல்லும்போதே
மாதத்தை நான்கு வாரமாக எண்ணுவதா,
முப்பத்தொரு நாளாகவா என்று
மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது.

மாலையில் ரெனாட்டஸ் கூப்பிட்டான்.
"என்ன முடிவு?"
"பெல்ட் தேய்ந்திருக்கிறது. வரும்போது வாங்கி வா."
கொஞ்சநேரம் சுரங்கத்து இரைச்சல் மட்டும்.
"எந்த வண்டிக்கு?"
சட்டைப்பையில் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு
"இரண்டுக்கும்" என்றேன்.